படத்துக்குப் படம் காசு

லின்னேயஸ் டிரைப் கம்பெனிப் படையில் கேப்டன். விடுப்பில் இங்கிலாந்து போனபோது புகைப்படம் பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்தவர், 1854-ல் பேலூர், ஹளேபீடு கோயில்களைச் சொந்த ஆர்வத்தில் படமெடுத்தார். 1855 சென்னைக் கண்காட்சியில் அவற்றுக்குப் பரிசு கிடைத்தது. பொழுதுபோக்கு அப்படியே உத்தியோகமாகி, சென்னை ராஜதானியின் அரசுப் புகைப்படக்காரராக மதுரை, தஞ்சாவூர், திருச்சி என்று சுற்றினார். 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். மறு ஆண்டு கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன் இந்த வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு கஜானா இருந்த இருப்பில் இது தாங்காத ஆடம்பரம் என்பது அவர் தீர்ப்பு. (செலவில் இவ்வளவு கறாரான மனிதர், வருமான வரி கூடாது என்று மேலிடத்தை எதிர்த்துப் பகிரங்கமாக எழுதி 1860-ல் பதவியை இழந்தார் என்பது வேறு கதை.) புகைப்படம் ஆடம்பரம் என்ற அந்தத் தீர்ப்பு இன்றும் வீடுகளில் வழங்கப்படுகிறது. கேமரா வாங்க வேண்டும் என்று பிள்ளை கேட்டால், குதிரை கேட்டதுபோல அப்பா முழிக்கிறார். எதோடு ஒப்பிட்டு ஆடம்பரம், ஆடம்பரத்தின் எந்தப் பகுதி கேமராவில் இருக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வரலாறு காட்டுகிற வரையில், புகைப்படக் கலையின் செலவு கேமராவில் இருந்ததே இல்லை, அல்லது மிகக் குறைவாகவே இருந்தது. செலவெல்லாம் படத்தில் இருந்தது.

டிரைப்பின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1855-ல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு சென்று அவர் எடுத்த படங்களில் 120-ஐத் தேர்ந்து, பெங்களூரில் வைத்து 50 தொகுப்புகள் அச்சிட்டார். அதாவது 6,000 தாள். ஒவ்வொரு தாளையும் உப்புக் கரைசலில் நனைத்து, வெள்ளி நைட்ரேட் பூசி, நெகட்டிவோடு சேர்த்து வெயிலில் வைத்து, ஹைப்போவில் நிலைநிறுத்தி, தங்க உப்பில் நிறமேற்றி, தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். கேமரா ஒன்றே போதும். வெள்ளியும் தங்கமும் காகிதமும் ஆள் கூலியும் 6,000 தடவை வேண்டும். கவர்னரின் கண்ணை உறுத்தியது மரப்பெட்டி அல்ல, இந்தக் கூட்டல்தான் என்று எண்ண இடமிருக்கிறது.

செலவு பிடிக்கும் மற்றப் பொழுதுபோக்குகளின் கணக்கு இப்படி ஓடுவதில்லை. குதிரை வைத்திருப்பவர் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அது தின்னும். லாடமும் வைத்தியமும் குதிரைக்காரன் சம்பளமும் மாதம் தவறாமல் வரும். படகு இன்னும் மோசம், துறையில் சும்மா கட்டிக் கிடக்கும்போதே அது உளுத்துப்போகும். பந்தயப் படகு என்றால் கேட்கவே வேண்டாம். தேயிலை வியாபாரி தாமஸ் லிப்டன் 1899 முதல் 1930 வரை அமெரிக்கா கோப்பைக்காக ஐந்து முறை போட்டியிட்டு ஐந்து முறையும் தோற்றார். ஒவ்வொரு முறைக்கும் ஷாம்ராக் என்ற பெயரில் ஒரு புதுப் படகு. அந்தச் செல்வத்தில் இலங்கை மலைத்தோட்டங்களில் கொழுந்து பறித்த தமிழர்களின் உழைப்பும் சேர்ந்திருந்தது. கோல்ஃப் ஒரு காலத்தில் புகைப்படம்போலவே ஆட ஆடக் காசு தின்ற விளையாட்டு. தோலுக்குள் இறகை அடைத்துத் தைத்த பந்துகளை, தேர்ந்த கைவினைஞர் ஒருவரே நாளொன்றுக்கு நாலைந்துக்கு மேல் செய்ய முடியாது. நனைந்தால் பிரியும், ஓங்கி அடித்தால் கிழியும். 1848 வாக்கில் கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலில் செய்த மலிவான பந்து வந்தபிறகுதான் ஆட்டம் பரவியது. ஆனாலும் புல்வெளியும் கிளப் சந்தாவும் ஆடாத நாளுக்கும் காசு கேட்டன. புகைப்படக்காரரோ படம் எடுக்காத மாதத்தில் ஒரு பைசா செலவழிக்க வேண்டியதில்லை. பெட்டி அலமாரியில் பேசாமல் இருக்கும். எடுக்கத் தொடங்கினால் ஆட்டோ மீட்டர் மாதிரி ஒவ்வொரு படத்துக்கும் ஓடும்.

இந்த மீட்டரை ஒரு பெரிய தொழிலாக்கியவர் ஜார்ஜ் ஈஸ்ட்மன். வங்கிக் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், 1877-ல், 49 டாலர் 58 சென்டுக்குப் புகைப்படச் சாமான் வாங்கினார். அதைக் கையாளக் கற்க 5 டாலர் தனியாக. கண்ணாடித் தகடும் ரசாயனக் குப்பிகளும் கூடாரமுமாக ஒரு கழுதைச் சுமை அது. பதினோரு ஆண்டுகளில், 1888-ல், அவரே விற்ற கோடாக் கேமராவின் விலை 25 டாலர். உள்ளே 100 படத்துக்கு ஃபிலிம் சுருட்டி வந்தது; எடுத்து முடித்ததும் கேமராவோடு ரோச்செஸ்டரில் இருந்த அவருடைய ஆலைக்கு அனுப்பினால், இரண்டரை அங்குல அகல வட்டப் படங்களாகக் கழுவி அச்சிட்டு, புதுச் சுருள் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். அதற்கு 10 டாலர். 1890களில் அமெரிக்காவைப் பிடித்தாட்டிய இன்னொரு மோகமான சைக்கிளோடு இதை வைத்துப் பார்க்கலாம். கொலம்பியா போன்ற பேர்பெற்ற சைக்கிளுக்கு 100 டாலர். கடையில் நின்று பார்த்தால் கேமரா கால் விலைதான். ஆனால் சைக்கிளுக்கு வாங்கியபின் காற்றும் எண்ணெயும் போதும். கேமராவில் 800 படம் எடுத்துக் கழுவினால் 80 டாலர். வாங்கிய 25-ஐயும் சேர்த்தால் 105. மலிவாக வந்தது எட்டாவது சுருளில் சைக்கிளைத் தாண்டிவிடுகிறது, அதற்குப் பிறகும் நிற்பதில்லை. 1900-ல் ஈஸ்ட்மன் ஒரே ஒரு டாலருக்குப் பிரௌனி பெட்டிக் கேமராவைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார், ஆறு படச் சுருளுக்கு 15 சென்ட் வைத்து. அவருக்கு லாபம் எதில் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தொழில் முழுவதும் இதை அறிந்தே இருந்தது என்பதற்கு வலுவான சாட்சி ஜப்பானில் கிடைக்கிறது. 1959-ல் ஒலிம்பஸ் நிறுவனம் பென் என்ற சிறிய கேமராவை 6,000 யென்னுக்கு வெளியிட்டது. அதன் தனித்தன்மை, ஒரு படத்துக்கு உரிய இடத்தில் இரண்டு படம் பிடிப்பது. 36 போட்ட சுருளில் 72 எடுக்கலாம். ஃபிலிம் காசு கடிக்காத உலகத்தில் இப்படி ஒரு கேமராவுக்குத் தேவையே இருந்திருக்காது. அந்தக் காசின் அடியில் இருந்தது வெள்ளி. 1979 தொடக்கத்தில் அவுன்ஸ் சுமார் 6 டாலராக இருந்த வெள்ளியை, டெக்சாஸின் ஹண்ட் சகோதரர்கள் வாங்கிக் குவிக்க, 1980 ஜனவரியில் அது 50 டாலரை எட்டியது. ஃபிலிம் விலையும் கூடவே ஏறியது. குதிரைப் பந்தயமோ கோல்ஃபோ உலோகச் சந்தையில் சூதாடிய இருவரால் ஆட்டம் கண்டதாக வரலாறு இல்லை.

இந்தியாவில் மீட்டர் இன்னும் கடுமையாக ஓடியது. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் ஃபிலிம் ஆடம்பரப் பண்டம். அந்நியச் செலாவணியை மிச்சம் பிடிக்க 1960-ல் அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், ஊட்டியின் தூசி குறைந்த குளிர்ந்த காற்றை நம்பி அங்கே ஆலை போட்டு, 1967-ல் உற்பத்திக்கு வந்தது. இந்து என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் வந்தது. வெள்ளைக்காரர்களின் வேட்டைக்கும் கோல்ஃபுக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் பேர்போன ஊர், நடுத்தர வீட்டு ஆல்பத்துக்குச் சுருள் செய்யும் ஊராகவும் ஆனது. ஆக்ஃபா கிளிக் த்ரீ வைத்திருந்தவர்களுக்கு ஒரு ரோலில் 12 படம். அந்தப் பன்னிரண்டையும் செலவழித்த விதத்தைப் பழைய ஆல்பங்களில் இன்றும் படிக்கலாம். காது குத்தில் மூன்று, பொங்கலில் இரண்டு, மாமா ஊரிலிருந்து வந்தபோது ஒன்று. கடைசி இரண்டும் எதற்கென்று இல்லாமல் முற்றத்தில் நிற்கும் பாட்டியும் துளசி மாடமும். ரோல் முடிந்தால்தானே கழுவக் கொடுக்க முடியும். கல்யாணத்துக்குப் போட்டோக்காரரிடம் பேரம் பேசும்போது எத்தனை ரோல் என்றுதான் பேச்சு. இந்தச் சிக்கனத்தால் படம் யோசித்து எடுக்கப்பட்டது என்று இப்போது சிலர் ஏங்குகிறார்கள். யோசித்தது உண்மை. கண் மூடிய முகங்களும் தலை வெட்டுப்பட்ட தாத்தாக்களும் அந்த ஆல்பங்களிலேயே இருப்பதும் உண்மை. இன்னொன்று எடுத்துப் பார்க்கும் வசதி இல்லாததுதான் காரணம்.

கருவியின் விலை தடை அல்ல, படத்தின் விலைதான் தடை என்பதற்கு நான் சொல்லக்கூடிய மிகத் துலக்கமான வாழ்க்கை விவியன் மேயருடையது. சிகாகோவில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர். அந்தச் சம்பளத்தில் அவரால் ரோலிஃப்ளெக்ஸ் வாங்க முடிந்தது, அக்காலத்தின் உயர்ந்த கேமராக்களில் ஒன்று. தெருத் தெருவாக நடந்து ஒரு லட்சத்துக்கு மேல் நெகட்டிவ்கள் எடுத்தார். வாடகை கட்டாமல் போன அவருடைய சாமான்கள் 2007-ல் ஏலத்துக்கு வந்தபோது, கழுவாத சுருள்கள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. கழுவியவற்றிலும் அச்சிடப்பட்டவை கொஞ்சமே. அவர் யாருக்கும் காட்ட விரும்பாத சுபாவக்காரர் என்பதால் பணத்தை மட்டும் காரணமாக்க முடியாது. ஆனால் ஒரு வேலைக்காரப் பெண்ணின் வருமானம் கேமராவை எட்டியது, கழுவும் கடையைத் தொடர்ந்து எட்டவில்லை என்பது அந்தப் பெட்டிகளிலிருந்து தெரிகிறது.

டிஜிட்டல் வந்து மீட்டரைக் கழற்றி எறிந்தது. 1991-ல் கோடாக் விற்ற முதல் தொழில்முறை டிஜிட்டல் கேமரா ஏறத்தாழ 20,000 டாலர், 1.3 மெகாபிக்சல், படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தனியாகத் தோளில் தொங்கவிட வேண்டும். 2003-ல் கேனன் 300டி 899 டாலருக்கு வந்தது. அதற்குப் பிறகு எடுக்கும் ஆயிரமாவது படத்துக்குச் செலவு பூஜ்யத்தை ஒட்டியது. செலவின் அமைப்பில் புகைப்படம் இப்போது ஆட ஆடக் காசு தின்ற பழைய கோல்ஃபை விட்டு விலகி வீணையின் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறது. தஞ்சாவூரில் ஒரு வீணை வாங்கினால் பலாமரம் தேயப்போவதில்லை, தந்தி மாற்றும் செலவுதான். புல்லட் மோகத்தோடு ஒப்பிட்டாலும் அப்படியே: தொடக்கநிலை மிரர்லெஸ் கேமரா அந்த வண்டியின் விலையில் பாதிகூட வராது, பெட்ரோலும் கேட்காது.

இதற்கு நியாயமான மறுப்பு உண்டு. ஃபிலிம் காலத்தில் 1959-ல் வாங்கிய நிகான் எஃப் முப்பது வருஷம் உழைத்தது. புது ரக ஃபிலிம் வந்தால் பழைய கேமராவே மேம்பட்ட படம் தந்தது. இப்போது ஃபிலிமின் இடத்தில் இருக்கும் சென்சார் பெட்டிக்குள்ளேயே பொதிந்திருப்பதால், அது மேம்பட்டால் பெட்டியையே மாற்ற வேண்டும். அப்படியானால் மீட்டர் கழன்றதா, வேறு இடத்தில் மாட்டப்பட்டதா? பாதி சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பாடி மாற்றுகிறவரின் கணக்கு பழைய ஃபிலிம் கணக்கை எட்டக்கூடும். ஆனால் அன்று ஃபிலிம் வாங்காவிட்டால் படமே இல்லை. இன்று புது பாடி வாங்காவிட்டால், பத்து வருஷத்துக்கு முன் எடுத்த அதே தரத்தில் படம் எடுத்துக்கொண்டே இருக்கலாம். முன்னது கட்டாயச் செலவு, பின்னது ஆசைச் செலவு. இரண்டையும் ஒரே தலைப்பில் எழுதினால் கணக்கு தப்பும். லட்சக்கணக்கில் விலை போகும் டெலி லென்ஸ்களைக் காட்டி வாதிடுவோருக்கும் இதே பதில்தான், கூடவே ஒன்று: நல்ல லென்ஸைப் பத்து வருஷம் கழித்தும் கணிசமான விலைக்கு விற்கலாம்.

காட்டுயிர்ப் படம் எடுப்பவர்களின் செலவு வேறு வகை. ஜீப், விடுதி, வனத்துறைக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் லென்ஸ் விலையை மிஞ்சிவிடும் என்பது மெய். அது பயணத்தின் செலவு. வெறுங்கையோடு யானை பார்க்கப் போனாலும் ஆகும். இந்தத் துறையில் சாமான்களுக்குத் தரப்படும் முக்கியத்துவத்துக்குச் சரியான மாற்று மருந்து மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1996-ல் மறையும்வரை கறுப்பு வெள்ளையிலேயே நின்றவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து ஒட்டவைத்த ஒரு கனத்த பெட்டிக்குச் சூப்பர் பாண்டரோசா என்று வேடிக்கையாகப் பெயர் வைத்து, அதைத் தூக்கிக்கொண்டு காட்டு யானைகளுக்கு முன்னால் போய் நின்றார். அந்த யானைப் படங்களைப் பார்ப்பவர்கள் கேமராவின் விலையை விசாரிப்பதில்லை.

விசித்திரம் என்னவென்றால், கழற்றிய மீட்டரைச் சிலர் காசு கொடுத்துத் திரும்ப மாட்டிக்கொள்கிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் இருபதுகளில் இருக்கும் இளைஞர்கள் தாத்தாவின் கேமராவைத் துடைத்தெடுத்து ஃபிலிம் தேடி அலைகிறார்கள். கேமரா அவர்களுக்குச் சும்மாவே கிடைக்கிறது, அல்லது பழைய சாமான் விலைக்கு. 36 படக் கலர் ரோலோ, நல்லதென்றால், ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது; கழுவுவதும் ஸ்கேன் செய்வதும் தனி. ஊட்டி ஆலையும் மூடப்பட்டுவிட்டதால் ஒவ்வொரு ரோலும் சுங்க வரி கட்டிக்கொண்டு வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும்.