செக்ரோலும் சம்பளச் சீட்டும்: ஜொகூர் தோட்டங்களில் கூலிக் கணக்குத் தகராறுகளின் வரலாறு

ஜொகூர் ரப்பர் தோட்டங்களில் ஒரு தமிழ்த் தொழிலாளியின் மாதச் சம்பளத்தை முடிவு செய்தது செக்ரோல் என்ற பேரேடு. விடிவதற்கு முன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பில் நின்றது, மதியம் ஸ்டோரில் ரப்பர் பால் நிறுத்தது, மாதம் முழுக்க வாங்கிய அரிசி, முன்பணம் எல்லாமே கடைசியில் அந்தப் பக்கத்தில்தான் கூட்டிக் கழிக்கப்பட்டன. எழுதியவர் கிராணி எனப்பட்ட எழுத்தர், வைத்திருந்தது கம்பெனி. கூலி கொடுக்க வேண்டியவர் கையிலேயே கூலிக் கணக்கும் இருந்ததால், 'எனக்கு ஒரு நாள் குறைகிறது' என்று சொன்ன தொழிலாளியிடம் அதை மெய்ப்பிக்கத் தன் ஞாபகத்தைத் தவிர வேறெதுவும் இல்லை.

ரப்பருக்கு முன் ஜொகூர் காடுகளில் காம்பீரும் மிளகும் பயிரிட்ட சீனர்கள் ஆற்றோரக் குடியிருப்புகளில் கங்சு எனப்படும் தலைவரின் கீழ் வாழ்ந்தார்கள். அந்தக் கங்சு முறை 1917-இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதற்குள் நிலத்தின் முகமே மாறிவிட்டது. 1909-இல் கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் பாதை முடிந்ததும் சிகாமட், லாபிஸ், பாலோ, குளுவாங், ரெங்கம், கூலாய் என்று பாதை நெடுகிலும் தோட்டங்கள் எழுந்தன. பெரும் தோட்டங்கள் பலவற்றின் கம்பெனிகள் லண்டனில் பதிவானவை. சிங்கப்பூரில் இருந்த ஏஜென்சி நிறுவனங்கள் அவற்றை நடத்தின. தோட்டத்துப் பெரிய துரை ஏஜென்சிக்குக் கணக்குக் காட்டினார், ஏஜென்சி லண்டனுக்குக் காட்டியது. தோட்டத்துக்குள் தொழிலாளி போய் நிற்கக் கூடிய வாசல் தோட்டத்து ஆபீஸ் ஒன்றுதான். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்தவரும் அதே கணக்கை எழுதிய கிராணிதான்.

முதல் தகராறு கப்பலிலேயே தொடங்கிவிட்டது. ஒப்பந்தக் கூலி முறையில் வந்தவர்களின் பயணச் செலவு அவர்கள் பெயரில் கடனாக எழுதப்பட்டுச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. எவ்வளவு கடன், எவ்வளவு அடைந்தது என்பதைப் படிக்கத் தெரியாத மனிதர் கேட்டுத்தான் அறிய வேண்டும். 1907-இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதி முதலாளிகளிடம் தீர்வை வாங்கிப் பயணச் செலவை ஏற்றது. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறையும் முடிவுக்கு வந்தது. கப்பல் கட்டணம் தனி ஆளின் கணக்கிலிருந்து இறங்கியது. ஆனால் ஊரில் ஆள் சேர்த்த கங்காணி கொடுத்த கைமாற்று, கல்யாணச் செலவு, வழிச் செலவு இவை கங்காணியின் வாய்க்கணக்கில் தொடர்ந்தன. வேலைக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் நாள் கணக்கில் கம்பெனி அவருக்குத் தலைக்காசு கொடுத்தது. ஆகவே தொழிலாளிக்காகத் துரையிடம் பேச வேண்டிய மனிதரும் கம்பெனியின் அதே பேரேட்டிலிருந்துதான் பணம் வாங்கினார்.

தகராறு தினமும் நடந்த இடம் ஸ்டோர். பால்மரம் வெட்டுபவர் இருட்டிலேயே நிரைக்குப் போய்விடுவார். கோப்பைகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் இரு பக்கமும் தொங்கவிட்டுத் தோள் வலிக்க ஸ்டோருக்குக் கொண்டு வருவார். அங்கே பாலை அளப்பதோடு வேலை முடியாது. பாலில் பெரும்பகுதி தண்ணீர், நூறு பங்கில் ஏறக்குறைய 30 முதல் 40 பங்குதான் ரப்பர். அதைக் கண்டறிய மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விடுவார்கள். அது எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அன்றைய உழைப்பின் அளவு. 40 ராத்தல் பாலில் கருவி 35 பங்கு காட்டினால் 14 ராத்தல் ரப்பர், 30 என்று படிக்கப்பட்டால் 12. பால் நுரைத்திருந்தாலும், கருவி துடைக்கப்படாமல் இருந்தாலும், படிப்பவர் குனியாமல் மேலிருந்து பார்த்தாலும் அளவு பிசகிவிடும். காலையில் தூறல் விழுந்து கோப்பையில் தண்ணீர் சேர்ந்த நாளில், தண்ணீர் கலந்ததாகச் சந்தேகமும் தொழிலாளி மேல்தான் விழுந்தது. கருவியில் தவறில்லை. தொழிலாளி அதைப் பார்த்துத் தானே படிக்க வழியில்லாததுதான் தவறு. அடுத்த ஆளின் வாளி பின்னால் காத்திருக்கும், கோடு மறைந்துவிடும், எண் மட்டும் நிற்கும்.

கூலி நாள் வந்தால் பிடித்தங்களின் தகராறு. கம்பெனி கொடுத்த அரிசி சம்பளத்தில் கழிக்கப்பட்டது. தோட்டத்துக் கடையில் கடன் தனியாக ஏறியது. இரண்டும் போக மீந்ததே கையில் விழுந்தது.

தோட்டத்துக்கு வெளியே முறையிட லேபர் ஆபீஸ் இருந்தது. 1922-இன் இந்தியக் குடியேற்றச் சட்டத்துக்குப் பின் கோலாலம்பூரில் இந்திய அரசின் ஏஜெண்டும் இருந்தார். குளுவாங் காட்டுக்குள்ளிருந்து இவற்றில் எங்கே போகவும் செக்ரோலில் ஒரு நாள் பெயரை இழக்க வேண்டும், ரயில் செலவு வேண்டும், திரும்பி வந்து அதே தோட்டத்து லயத்தில் குடியிருக்கவும் வேண்டும். குறைந்த ஒரு நாள் கூலிக்காக யாரும் எளிதில் அப்படிக் கிளம்பியிருக்க மாட்டார்கள். தனி ஆளின் கணக்கைவிடக் கூலி விகிதத்தைப் பற்றிப் பேசுவதே எளிதாக இருந்தது. 1928-இல் சில முக்கிய வட்டாரங்களுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நாள் கூலி வகுக்கப்பட்டது, மற்ற தோட்டங்கள் அதைப் பார்த்துத் தங்கள் கூலியை அமைத்தன. உலக மந்தத்தில் அது வெட்டப்பட்டது. 1936 இறுதியில் இந்திய அரசின் பிரதிநிதியாக மலாயா வந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, பழைய அளவுக்கு அதைத் திருப்ப வேண்டும் என்று அறிக்கை தந்தார். 1938-இல் இந்திய அரசு, பயண உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. கங்காணியின் ஆள் சேர்ப்பும் அதோடு முடிந்தது.

கணக்குக்கு எதிராக ஒன்றாகப் பேச ஓர் அமைப்பு 1954-இல் வந்தது. அந்த ஆண்டு பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. பொதுச் செயலாளர் பி. பி. நாராயணன். சங்கம் செய்த ஒப்பந்தங்களில் நாள் கூலி, கூடுதல் ராத்தலுக்குப் பணம், ரப்பர் விலைக்கேற்ற தொகை என்று பல பகுதிகள் சேர்ந்தன. சம்பளம் கூடியது, கணக்கும் சிக்கலானது. அந்தச் சிக்கலை வெட்டுமரத்தடியில் விளக்கிச் சொன்ன சங்கக் கிளைத் தலைவர்களின் உழைப்பு இன்னும் தகுந்தபடி எழுதப்படவில்லை.

மிகப் பெரிய மாற்றத்தைக் கொண்டு வந்தது 1955-இன் வேலைச் சட்டம். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் கூலி தர வேண்டும். முன்பணத்தைப் பிடிக்கலாம், வட்டி கூடாது. மாதப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தகராறை லேபர் ஆபீசர் விசாரித்து உத்தரவிடலாம். 1957-இன் விதிகள் சம்பள விவரத்தை ஒவ்வொரு காலத்துக்கும் தொழிலாளியிடம் கொடுக்கச் சொல்லின. செக்ரோலின் ஒரு வரி சட்டப்படி அவர் கைக்கே வந்தது.

தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, பிறகு வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டபோது அந்தச் சீட்டின் மதிப்பு வேறு விதமாக உயர்ந்தது. 1980-இன் பணி நீக்க விதிகள்படி இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டொன்றுக்கு 10 நாள் கூலி, இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை 15, அதற்கு மேல் 20 நாள். ஒரு நாள் கூலி என்பது கடைசி 12 மாதத்தின் சராசரி. ஆகவே எத்தனை ஆண்டு வேலை, எவ்வளவு கூலி என்ற இரண்டு கேள்விகளிலும் பணம் இருந்தது. ஆனால் கம்பெனி தன் பதிவேட்டை ஆறு ஆண்டுகள் வைத்திருந்தால் சட்டத்துக்குப் போதும். இடையில் தோட்டம் கை மாறியிருந்தால், 30 ஆண்டு பால் வெட்டியவரின் தொடக்க ஆண்டுகளுக்குக் கம்பெனியிடம் தாள் இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. அந்த ஆண்டுகளைக் காட்டப் பெட்டியில் சேர்த்து வைத்த சம்பளச் சீட்டுகளும், 1951-இன் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமநிதியின் கணக்கறிக்கைகளும் உதவின. எந்த முதலாளி எவ்வளவு செலுத்தினார் என்று கம்பெனிக்கு வெளியே எழுதப்பட்ட கணக்கு அது.