முதல் பட்டாணி யார் வீட்டில்?

இந்த நவம்பரில் பால்கனித் தொட்டியில் பட்டாணி போடலாம் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால், 200 ஆண்டுகளுக்கு முன் அக்கம்பக்கத்தார் நடத்திய ஒரு பட்டாணிப் போட்டியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அமெரிக்காவின் 3-ஆவது அதிபர் தாமஸ் ஜெபர்சன் ஒரு பட்டாணிப் பிரியர். 1767 பிப்ரவரி 20 அன்று விதைத்த பட்டாணி ஏப்ரல் 24 அன்று சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டதாகத் தோட்டக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். கணக்குப் போட்டால் 63 நாட்கள்.

பின்னர் வர்ஜீனியாவில் மான்டிசெல்லோ என்ற குன்றின்மேல் வீடு கட்டி வாழ்ந்தார். அந்த வட்டாரத்தில் யார் தோட்டத்தில் முதலில் பட்டாணி காய்க்கிறதோ, அவர் மற்றவர்களை அழைத்து விருந்து வைக்க வேண்டும். பெரும்பாலும் ஜெயிப்பவர் ஜார்ஜ் டைவர்ஸ் என்ற நண்பர். ஓராண்டு ஜெபர்சன் தோட்டம் முந்திக்கொண்டது. ஆனால் அவர் வெளியே சொல்லவில்லை. எப்போதும் தானே ஜெயிப்பதாக நண்பர் நினைத்துக்கொள்வதே நல்லது என்றாராம்.

இந்தப் பெருந்தன்மைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1,000 அடி நீளமுள்ள அந்தக் காய்கறித் தோட்டத்துக்காகக் குன்றின் சரிவை வெட்டிச் சமன்படுத்தியவர்கள் அடிமைகள். தோட்டத்தைக் கவனித்தவர்களில் ஒருவர் வார்ம்லி ஹியூஸ். 1826-இல் ஜெபர்சன் இறந்தபோது அவருக்குக் குழி வெட்டியவரும் இவரே. ஹியூஸுக்கு விடுதலை கிடைத்தது; ஆனால் அவர் மனைவியும் பிள்ளைகளும் 1827-இல் ஏலத்தில் விற்கப்பட்டார்கள்.

நாமும் இப்படி ஒரு போட்டி வைக்கலாமே! விதையை இரவு முழுக்க ஊறவைத்து, ஒரு அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். கொடி பற்றி ஏறக் குச்சியோ கயிறோ கட்டுங்கள். வெயில் ஏறினால் பூ உதிரும். அதனால் நவம்பரைத் தவறவிடாதீர்கள். காய் உருண்டு திரண்டு, பச்சை மாறாமல் இருக்கும்போதே பறித்து, அன்றைக்கே சமையுங்கள். வைத்திருந்தால் அதன் சர்க்கரை மாவுச்சத்தாக மாறி இனிப்புக் குறைந்துவிடும்.

முதலில் காய்ப்பவர் வீட்டில் பட்டாணி புலாவ். நம் தோட்டக்காரரையும் துப்புரவுப் பணியாளர்களையும் மறக்காமல் கூப்பிடுங்கள். முதல் பந்தியிலேயே உட்கார வையுங்கள்.