பம்பாயின் மின்சாரத் தீவு

ஏழு தீவுகளை இணைத்து எழுந்த நகரம் பம்பாய் என்பது யாவரும் அறிந்த செய்தி. அந்நகரத்தை மறுபடியும் ஒரு தீவாக்குவதற்கு 1981-ஆம் ஆண்டில் ஓர் ஏற்பாடு வகுக்கப்பட்டது என்பதை அறிந்தோர் சிலரே. இத்தீவு கடலால் சூழப்பட்டதன்று, மின்சாரத்தால் ஆனது. வெளியே உள்ள மின் தொகுப்பில் பெரும் பழுது நேருமாயின், நகரத்தை அத்தொகுப்பினின்றும் கணப்பொழுதில் துண்டித்துவிட்டு, அருகிலுள்ள நிலையங்களைக் கொண்டே அதனை வாழவைப்பது இதன் நோக்கம். துண்டிக்கப்படும் தொகுப்பு அரசாங்கத்தின் பொறுப்பில் இருப்பது. நகரத்தை ஏந்திநிற்க வேண்டிய நிலையங்களோ தனியாருடையவை. இவ்விரு கரங்களும் எவ்வாறு ஒன்றுசேர்ந்தன என்பதைச் சிறிது பார்ப்போம்.

ஆலைகளின் புகை பம்பாயை மூடியிருந்த காலத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் மழையிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்ற எண்ணத்தை ஜாம்ஷெட்ஜி டாட்டா வளர்த்தார். அவர் 1904-இல் காலமானார். 1910-இல் டாட்டா நீர்மின் நிறுவனம் தோன்றியது. 1915-இல் கோப்போலி நிலையம் இயங்கத் தொடங்கியது. லோணாவளா மேட்டில் தேக்கிய நீர் 500 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து குழாய்களின் வழியே இறங்கி, அங்குள்ள எந்திரங்களைச் சுழற்றியது. கிழக்கே ஓடிக் கிருஷ்ணையில் கலந்து வங்கக் கடலை அடைய வேண்டிய நீர் அது. அதனை மேற்கே திருப்பிய துணிவை நாம் வியக்கலாம். பிவ்புரி 1922-இலும், பீரா 1927-இலும் தொடர்ந்தன.

பொதுத் துறை, தனியார் துறை என்ற சொற்கள் வழக்குக்கு வருமுன்பே, அரசாங்கத்தின் கை இம்முயற்சியில் இருந்தது. பீரா நிலையத்துக்கு நீர் தரும் முல்ஷி அணைக்காக, நிலம் கையகப்படுத்தும் சட்டத்தைப் பம்பாய் அரசாங்கம் நிறுவனத்தின் பொருட்டுப் பயன்படுத்தியது. தங்கள் நெல்வயல்கள் மூழ்குவதைக் கண்ட மாவள நாட்டுக் குடியானவர்கள் 1921-இல் சத்தியாக்கிரகம் தொடங்கினர். அதை நடத்திய பாண்டுரங்க மகாதேவ பாபட் சிறை சென்றார். சேனாபதி என்ற பெயர் அவருக்கு அப்போராட்டத்தால் வந்ததே. 1924-க்குள் போராட்டம் ஓய்ந்தது, அணையும் எழுந்தது. அரசும் முதலாளியும் கைகோக்கும்போது மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார் என்பதை, ஒத்துழைப்பின் பெருமையைப் பேசுவோர் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். நகரம் பெற்ற வெளிச்சத்தின் விலையில் ஒரு பகுதியை அக்குடியானவர்கள் செலுத்தினார்கள்.

சுதந்திரத்தை ஒட்டி நிலைமை மாறியது. நகருக்கு மின்சாரம் விநியோகித்துவந்த பெஸ்ட் நிறுவனத்தை 1947 ஆகஸ்டு 7-ஆம் நாள் பம்பாய் நகராட்சி ஏற்றுக்கொண்டது. 1948-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தால் மாநிலங்கள்தோறும் மின்சார வாரியங்கள் பிறந்தன. டாட்டா நிறுவனமோ தனியார் கையிலேயே நின்றது. 1956-இல் டிராம்பேயில் அனல்மின் நிலையம் ஒன்றையும் அது நிறுவியது. புறநகர்களுக்கு விநியோகித்தது வேறொரு தனியார் நிறுவனம். இவ்வாறு ஒரே நகரத்தின் விளக்குகளுக்கு நகராட்சி, தனியார், மாநில வாரியம் என மூவகை உடைமையாளர் ஏற்பட்டனர். மற்றப் பெருநகர்கள் பலவற்றில் காணாத விசித்திரம் இது.

1967 டிசம்பர் 11-ஆம் நாள் விடியுமுன் கொய்னாவில் பூமி அதிர்ந்தது. சுமார் 180 பேர் மாண்டனர். மாநிலத்தின் பெரிய நீர்மின் நிலையமான கொய்னா நின்றுபோகவே, தொலைவிலிருந்த பம்பாயின் தொழிற்சாலைகளும் தடுமாறின. தொலைவிலிருந்து வரும் மின்சாரத்தை நம்பியிருப்பதன் இடர் அன்று வெளிப்பட்டது. ஆயினும் தொகுப்புடன் சேராதிருப்பதும் இயலாது. நகரத்தின் பசிக்கு அருகிலுள்ள நிலையங்கள் போதா. சேர்ந்தும் இருக்க வேண்டும், வேண்டும்போது பிரியவும் வேண்டும். 1981-இன் ஏற்பாடு இச்சிக்கலுக்கே விடையாக அமைந்தது.

அது இயங்கும் விதம் எளிதாக விளங்கக்கூடியதே. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி வீதம் ஓடுவது. பாரம் மிகுந்து மாடு தளர்ந்தால் வண்டியின் வேகம் குறைவதுபோல, உற்பத்தியைவிடச் செலவு மிகும்போது இச்சுழற்சி குறைகிறது. அளவு மீறிக் குறைந்தால் மின்நிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே நின்றுவிடும். ஒன்று நிற்க, அதன் பாரமும் சேர்ந்து மற்றதை நிறுத்தும். அந்நிலை வருமுன் நகரத்தைப் பிரித்துவிட வேண்டும். பிரித்த கணமே, உள்ளே கிடைக்கும் மின்சாரத்துக்குத் தக்கபடி செலவையும் வெட்ட வேண்டும். ரயிலும் மருத்துவமனையும் பிழைக்க, மற்றச் சில பகுதிகள் இருளில் இருக்க நேரும். நீர்மின் நிலையங்கள் இதற்குப் பெருந்துணை. அனல்மின் நிலையத்தின் கொதிகலன் சூடேற மணிக்கணக்காகும். நீர்மின் எந்திரமோ சில நிமிஷங்களில் எழுந்துவிடும். இவ்வேற்பாடு பலமுறை நகரத்தைக் காத்தது. 2012 ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் வட இந்தியத் தொகுப்பும், அதனுடன் கிழக்குத் தொகுப்பும் வடகிழக்குத் தொகுப்பும் வீழ்ந்த பின்னர், பம்பாயைப் போன்ற தீவுகள் மற்ற நகரங்களுக்கும் தேவை என்ற பேச்சு வலுத்தது. 2013-இன் இறுதி நாளில் தென்னிந்தியத் தொகுப்பும் நாட்டின் தொகுப்புடன் ஒரே சுழற்சியில் இணைந்துவிட்டதால், தமிழ்நாட்டில் உள்ள நமக்கும் இது அயல்வீட்டுச் செய்தி அன்று.

1995 முதல் மும்பை எனப் பெயர் பெற்ற அந்நகரம், 2020 அக்டோபர் 12-ஆம் நாள் காலை சுமார் 10 மணிக்கு இருண்டது. கல்வாவுக்கும் பட்கேக்கும் இடையே உள்ள உயரழுத்தக் கம்பிகளுள் ஒன்று பழுதுபார்ப்பில் இருக்க, மற்றவை அடுத்தடுத்து விலகின. மின்சார ரயில்கள் பாதையிலேயே நின்றன. கொள்ளைநோய்க் காலமாதலின் மருத்துவமனைகளை எண்ணி ஊரே நடுங்கியது. சில பகுதிகளுக்கு மாலை வரையில் மின்சாரம் வரவில்லை. தீவு அன்று நகரத்தைத் தாங்கவில்லை. காரணம், அவ்வேளையில் அருகிலுள்ள நிலையங்களின் உற்பத்தி நகரத்தின் தேவையைவிட வெகு குறைவாக இருந்தது. அந்நியர் இணையவழியாகத் தாக்கினரோ என்ற ஐயமும் எழுந்தது. மனிதத் தவறே காரணம் என்றும், தாக்குதலுக்குச் சான்று இல்லை என்றும் 2021 மார்ச்சில் மத்திய மின்துறை அமைச்சர் கூறினார்.

நாம் கருதுவது வேறொன்று. மலிவான மின்சாரத்தையே முதலில் வாங்க வேண்டும் என்பது விதி. வெளியிலிருந்து மலிவாக வரும்போது, செலவு மிகுந்த உள்ளூர் எந்திரம் ஓய்ந்திருக்கும். அதில் நிறுவனத்தின் குற்றமும் இல்லை, வாங்குவோரின் குற்றமும் இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் தேவைப்படலாம் என்பதற்காக 364 நாட்கள் கொதிகலனைச் சூடாக வைத்திருக்கும் செலவை யார் ஏற்பது? முதலாளி ஏற்க மாட்டார்; ஏற்கும்படி கேட்பதும் முறையாகாது. மின்கட்டணத்தில் அதைச் சேர்ப்பதாயின், கட்டணத்தை வரையறுக்கும் ஆணையம் அதை மக்களுக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 1981-இல் பொறியியலாளர் கண்ட விடைக்கு இந்தக் கணக்கும் உடன்சேர வேண்டியிருந்தது.

நகருக்குள் கூடுதலாகச் சுமார் 1,000 மெகாவாட் கொண்டுவரும் புதிய உயரழுத்தப் பாதை, பல ஆண்டுத் தாமதத்துக்குப் பின் 2023-இல் கார்கரிலிருந்து விக்ரோளி வரை அமைந்தது. அமைத்தது ஒரு தனியார் நிறுவனம். கார்கரில் அது போய்ச் சேருவது மாநில அரசின் துணைமின் நிலையத்தில்.