ஆறு படிகளில் அடங்காத ஒன்று

எம்16 சுடாமல் நின்றுவிட்டால் என்ன செய்யவேண்டும் என்பதை அமெரிக்க ராணுவம் ஆறு படிகளாகச் சுருக்கி, முதலெழுத்துகளைக் கோத்து 'ஸ்போர்ட்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறது. மேகசினின் அடியில் அறை. பிடியைப் பின்னால் இழு. ஏதாவது வெளியே விழுகிறதா பார். விடு. வலப்பக்கப் பொத்தானைத் தட்டு. சுடு.

தேசிய சேவையில் எங்களுக்கும் இப்படி ஒன்று உண்டு. துப்பாக்கிதான் வேற, எஸ்ஏஆர் 21. அப்பா காலத்தில் அதே எம்16தான். சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் உரிமம் வாங்கி இங்கேயே தயாரித்த எம்16எஸ்1.

மேகசின் சரியாக மாட்டவில்லை, தோட்டா வெடிக்கவில்லை என்றால் இந்தப் பயிற்சி போதும். இரண்டு மூன்று விநாடி வேலை. ஆனால் 1966, 67இல் வியட்நாமில் வந்த கோளாறு வேறு ஜாதி. சுட்ட தோட்டாவின் காலி உறை குழலின் அடியிலேயே ஒட்டிக்கொள்ளும். அதை இழுக்கவேண்டிய கொக்கி விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்பும். அடுத்த தோட்டா பின்னாலிருந்து வந்து முட்டும். இனி எத்தனை தட்டு தட்டினாலும் பிரயோஜனமில்லை. துடைக்கும் கம்பியைக் குழல்வாய் வழியாக விட்டு இடித்துத் தள்ளவேண்டும். கம்பியைத் துப்பாக்கியோடு டேப் போட்டு ஒட்டிக்கொண்டே சிலர் ரோந்து போனார்கள். கம்பி இல்லாதவன் பாடு?

காரணம் ஒன்றல்ல. யூஜின் ஸ்டோனர் வடிவமைத்தபோது பயன்படுத்தியது டூபாண்ட் நிறுவனத்தின் வெடிமருந்து. ராணுவம் 1964இல் உருண்டை மணி வெடிமருந்துக்கு மாறியது. அதில் துப்பாக்கி அளவுக்கு மீறிய வேகத்தில் இயங்கியது. சூட்டில் விரிந்த உறை சுருங்கிப் பிடிவிடுவதற்குள் கொக்கி இழுத்தது. கரியும் கூடுதலாகப் படிந்தது. தோட்டா உட்காரும் அறைக்குக் குரோம் பூச்சு இல்லை, அந்த ஈரத்தில் துரு பிடித்தது. துடைக்கும் சாமான்களும் போதவில்லை. இதைத் துடைக்கவே வேண்டாம் என்ற பேச்சு வேறு.

என்னால் தாண்டிப்போக முடியாதது இன்னொன்று. புது மருந்தில் வேக வரம்புக்குள் நிற்காது என்று தெரிந்ததும், தொழிற்சாலைச் சோதனையைப் பழைய மருந்திலேயே நடத்த கோல்ட் நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். களத்துக்குப் போனதோ புதிய மருந்து. நானும் வேலையில் ஏற்புச் சோதனை பார்க்கிறவன். பாஸ் ஆகிற நிலைமையைப் பொறுக்கியெடுத்துப் பண்ணினால் அதுக்குப் பேர் டெஸ்ட் இல்ல.

1967 ஏப்ரல், மே மாதங்களில் கேசான் குன்றுகளில் மரைன்கள் நிறையப் பேர் செத்தார்கள். செத்தவர்கள் பக்கத்தில் பிரித்துப்போட்ட துப்பாக்கிகள் கிடந்ததாக ஒரு மரைன் வீட்டுக்கு எழுதிய கடிதம் பத்திரிகைகளுக்குப் போனது. அதிகாரிகளின் முதல் பதில், பையன்கள் ஒழுங்காகத் துடைக்கவில்லை என்பதுதான். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது, அதுதான் வசதியாகப் போயிற்று. ஐக்கார்ட் தலைமையிலான காங்கிரஸ் துணைக்குழு அக்டோபரில் அறிக்கை தந்தது: வெடிமருந்துக் குறையைத் திருத்தாமல் விட்டது குற்ற அலட்சியத்தின் எல்லையைத் தொடுகிறது.

பிறகு திருத்தங்கள் வந்தன. வேகத்தைத் தணிக்கப் புது பஃபர், அறைக்குக் குரோம் பூச்சு. 1968இல் வில் ஐஸ்னர் வரைந்த பராமரிப்புக் கையேடு வந்தது, காமிக்ஸ் வடிவில். நல்ல வேலை அது. எந்தப் பாடநூலையும்விடத் தெளிவு. ஆனால் அது பேசுவது முழுக்க சிப்பாயின் கைகளிடம். சோதனையில் எந்த மருந்தைப் போடுவது என்று முடிவெடுத்தவர்களுக்கு யாரும் காமிக்ஸ் வரையவில்லை.

துடைக்கும் சாமான்களை வைக்க எம்16இன் பின்கட்டையில் ஒரு சின்னக் கதவு வந்தது, அதற்கும் சில வருஷம் கழித்து.