கூப்பிட்டவர் கை நனைத்தாரா?

வீரசோழன், நரிக்குடி, திருச்சுழி என்று இந்த வானம் பார்த்த பூமியில் ஒரு சொல் உண்டு: கை நனைப்பது. சேரிக்கு ஓட்டு கேட்க வருவார்கள், ஜெபம் பண்ணவும் வருவார்கள். கை மட்டும் நனைக்க மாட்டார்கள். மாற்கு சுவிசேஷம் 2ஆம் அதிகாரத்தில் வரும் லேவியின் கதையை இந்தச் சொல்லை வைத்துத்தான் வாசிக்க வேண்டும்.

லேவி கப்பர்நகூம் ஆயத்துறையில் வரி வாங்கியவன். ஊரார் அவனைப் பாவிகளோடு சேர்த்தே எண்ணினார்கள். இயேசு கூப்பிட்டார், எழுந்து போனான். பிரசங்கம் பெரும்பாலும் இதோடு முடிஞ்சு போகும். ஆனால் அடுத்த வசனத்தில் இயேசு லேவி வீட்டுப் பந்தியில் இருக்கிறார். எதிராளிகள் கேட்டது ‘ஏன் கூப்பிட்டார்’ என்றல்ல, ‘ஏன் இவர்களோடு சாப்பிடுகிறார்’ என்றுதான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. லேவி ஒதுக்கப்பட்டது தொழிலால். ஆயத்துறையை விட்டு எழுந்து வர அவனால் முடிந்தது. பிறப்பை விட்டு எழுந்து வர யாரால் முடியும்?

தஞ்சை மன்னர் படையில் இருந்த இராசநாயக்கன் பறையர், கத்தோலிக்கராகப் பிறந்தவர். தரங்கம்பாடியில் 1714இல் அச்சான சீகன்பால்கின் தமிழ்ச் சுவிசேஷங்களைப் படித்து, 1720களின் பிற்பகுதியில் லுத்தரன் சபைக்கு வந்தார். உபதேசியாகித் தஞ்சைச் சீமையில் சபைகளை வளர்த்தார். 1733இல் முதல் தமிழ்க் குருவாக ஆரோன் என்ற வேளாளர் அபிஷேகம் பெற்றார். அடுத்த குருவைத் தேடியபோது இராசநாயக்கனின் பெயரும் எழுந்தது. 1741இல் அபிஷேகம் பெற்றவர் தியோகு. பறையர் கையால் நற்கருணை வாங்க மற்ற சாதியார் சம்மதிக்க மாட்டார்கள் என்பதே மிஷனரிகளின் கவலை. இராசநாயக்கன் கடைசிவரை உபதேசியாகவே இருந்தார். ஊழியத்துக்குக் கூப்பிட்ட சபை, அவர் கையால் அப்பம் வாங்கத் தயாராக இல்லை.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். அருப்புக்கோட்டை, மண்டபசாலை வரை வேலை செய்த அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் தொடங்கியது. 1847இல் அது சேர்ந்து உண்பதையே சாதிக்குச் சோதனையாக வைத்தது. அதற்கு இணங்காத உபதேசிகள் உட்படப் பலர் சபையிலிருந்து விலக்கப்பட்டார்கள். வேதத்தை மனப்பாடம் பண்ணியிருந்தவர்கள்தான், ஒரு கவளச் சோற்றில் தோற்றுப் போனார்கள்.

பின்னாளில் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பரட்டை என்ற தியாபிலஸ் அப்பாவு, ‘ஒரே ஒலை’ என்று இதைத்தான் பேசினார். எல்லார் அரிசியும் ஒரு பானையில் வேகணும், அதுதான் நற்கருணை என்றார்.

இன்று தலித் குருமார் உண்டு, ஆயர்களும் உண்டு. தனிக் கல்லறைகளும் சில ஊர்களில் இன்னும் இருக்கின்றன. ஆகவே சேரியில் இந்தப் பகுதியை வாசிக்கிற தோழர்கள், ‘யார் அழைக்கப்பட்டார்’ என்பதோடு விட்டுவிட வேண்டாம். யார் வீட்டில் உலை வைத்தார்கள், யார் வந்து கை நனைத்தார்கள் என்றும் கேளுங்கள்.