எட்டாம் எண்ணின் இடுப்பளவு

1958-இல் அமெரிக்க அரசு வெளியிட்ட அட்டவணையில், 8 என்ற எண்ணுள்ள பெண்கள் ஆடைக்கு மார்பளவு 31 அங்குலம், இடுப்பளவு 23.5 அங்குலம். 1995-இல் ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பு வெளியிட்ட அட்டவணையில் அதே 8-க்கு மார்பு 35, இடுப்பு 27. 1958-இல் எட்டாம் எண் சரியாகப் பொருந்திய பெண்ணுக்கு, 1995-இன் இரண்டாம் எண் ஆடையே சற்றுத் தொளதொளவென்று இருக்கும்.

இணையத்தில் ஒரே அளவில் இரண்டு கம்பெனிச் சட்டைகளை வாங்கி, ஒன்று இறுக்கிப் பிடிக்க, இன்னொன்று தொங்க, இரண்டையும் திருப்பி அனுப்புகிறவர்கள் விற்பனைத் தளத்தைத்தான் திட்டுகிறார்கள். கோளாறு அந்தத் தளங்களைவிட வயதில் மூத்தது. அளவு எண்களின் கதையைப் பின்தொடர்ந்து பார்த்தால் ஒரு போக்கு புலப்படும். பொருந்தாத துணியின் நட்டம் விற்பவர் தலையில் விழும்போதெல்லாம் மனித உடலை அளக்கும் ஆர்வம் பிறக்கிறது. நட்டம் வாங்குபவர் பக்கம் சாய்ந்ததும் அளவுநாடாவைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள்.

முதலில் நட்டத்துக்கு அஞ்சியது இராணுவம். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் இலட்சக்கணக்கான சீருடைகள் அவசரமாகத் தேவைப்பட்டன. படைவீரர்களின் அளவுகள் குவிந்தபோது, சில மார்பளவுகளோடு சில இடுப்பளவுகளே திரும்பத் திரும்பச் சேர்ந்து வருவது தெரிந்தது. போர் முடிந்ததும் ஆண்களுக்கான ஆயத்த ஆடை வணிகம் அந்த அறிவைப் பயன்படுத்திக்கொண்டது. ஆண்களின் எண் அங்குலத்தையே குறித்ததால், ஏமாற்ற அதில் அதிக இடமில்லை. அன்றைக்காவது இல்லை.

பெண்களுக்கு அப்படி ஓர் அடிப்படை அமையவில்லை. வசதியுள்ளவர்கள் தையற்காரரிடம் போனார்கள், மற்றவர்கள் வீட்டிலேயே தைத்துக்கொண்டார்கள். கடைத் துணி வந்தபோது வளர்ந்த பெண்களுக்கு மார்பளவும், இளம்பெண்களுக்கு வயதும் அளவாகக் கொள்ளப்பட்டன. பதினான்காம் எண் என்றால் பதினான்கு வயதுக்காரிக்கு. அந்த வயதில் எல்லாப் பெண்களும் ஒரே உடம்போடு இருப்பார்கள் என்று நம்பியவர் யாரோ, அவர் பிள்ளை வளர்த்தவராக இருந்திருக்க முடியாது.

இந்தத் தள்ளாட்டம் வலித்தது தபால் வணிகர்களுக்கு. 1872-இல் தொடங்கிய மான்ட்கோமரி வார்ட், பின்னால் வந்த சியர்ஸ் போன்ற நிறுவனங்கள் தடித்த விலைப்பட்டியல் நூல்களை அனுப்பி, கடையே இல்லாத பண்ணைப் பகுதிகளுக்கும் ஆடை விற்றன. போட்டுப் பார்க்காமல் வாங்கியவர்கள் பொருந்தாததைத் தபாலிலேயே திருப்பினார்கள். இன்றைய 'ரிட்டர்ன்' பிரச்சினையின் முழு வடிவமும் அன்றே இருந்தது.

1939-இலும் 1940-இலும் அமெரிக்க வேளாண் துறையின் மனையியல் பிரிவு பெண்களின் உடலை அளக்கும் ஒரு பெரும் வேலையில் இறங்கியது. வேலையற்றோருக்கு வேலை தரும் அரசுத் திட்டத்தின் பணத்தில் அளவெடுப்போர் குழுக்கள் அமைந்தன. ரூத் ஓ'பிரையன், வில்லியம் ஷெல்டன் இருவரும் பொறுப்பேற்ற அந்த ஆய்வில் ஏறத்தாழ 15,000 பெண்கள் கலந்துகொண்டனர். ஒவ்வொருவரிடமும் எடை உட்பட 59 அளவுகள் எடுக்கப்பட்டன. அறிக்கை 1941-இல் வந்தது. அதன் முக்கியமான முடிவு வணிகர்களுக்கு இனிப்பானதல்ல. மார்பளவை மட்டும் வைத்துக்கொண்டு மீதி உடம்பை ஊகிக்க முடியாது, உயரத்தைச் சொல்லும் ஓர் அளவும் சுற்றைச் சொல்லும் ஓர் அளவும் சேர்ந்தால்தான் ஓரளவாவது பொருந்தும் என்றது அது.

அந்த ஆய்வுக்குள்ளேயே ஒரு கறை உண்டு. வெள்ளையரல்லாத பெண்கள் அளவு கொடுக்க வந்தபோது மனம் நோகாதிருக்க அவர்களையும் அளந்தார்கள். கணக்கிடும்போது அந்தத் தாள்களை ஒதுக்கிவிட்டார்கள். நாட்டின் 'சராசரிப் பெண்' என்று பின்னால் அட்டவணையேறியவள் வெள்ளையினத்தவள் மட்டுமே.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தபால் வணிகர் சங்கமே அரசின் தர நிர்ணய அலுவலகத்தை அணுகியது. பெண்கள் படைப்பிரிவில் எடுத்த அளவுகளையும் பழைய தரவோடு சேர்த்து 1958-இல் உருவானதுதான் முதலில் சொன்ன அட்டவணை. எண் மார்பளவுக்கு, ஓர் எழுத்து உயரத்துக்கு, கூட்டல் கழித்தல் குறி ஹிப் சுற்றுக்கு என்று மூன்று அடையாளங்கள் அதில் இருந்தன. பார்க்கச் சிக்கலானது, உடம்புக்கு நேர்மையானது. 1970-இல் திருத்தினார்கள். 1983-இல் அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

பெண்களின் உடல் மாறிவிட்டது, பழைய தரவு காலாவதியானது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதில் உண்மை உண்டு. ஆனால் தரவு பழசானால் புதிதாக அளந்திருக்கலாமே. இதற்கிடையில் நகர்ப்புற வணிக வளாகங்களும் அவற்றின் டிரையல் ரூம்களும் பெருகியிருந்தன. ஐந்து உடுப்புகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய், பொருந்திய ஒன்றோடு வெளியே வரும் உழைப்பு வாடிக்கையாளருடையதாகிவிட்டது. கடைக்காரருக்குச் சரியான எண் அவசரத் தேவையாக இல்லை, மகிழ்ச்சியூட்டும் எண் போதுமானது. எண்கள் சிறுத்தன, இடுப்புகள் அப்படியே இருந்தன. கீழே இடம் போதாமல் 0, அதற்கும் கீழே 00 என்ற அளவுகள் வந்தன. ஆண்களும் தப்பவில்லை. 2010-இல் எஸ்குவயர் இதழ் '36 அங்குலம்' என்று சீட்டு ஒட்டிய பேன்ட்டுகளை அளந்து பார்த்தது. உண்மையான இடுப்பளவு 37 முதல் 41 அங்குலம் வரை போனது.

இந்தக் குழப்பம் எப்படித் துணியில் ஏறுகிறது என்பதைத் திருப்பூரில் நேரில் பார்க்கலாம். ஒரே பனியன் கம்பெனியின் ஒரே தளத்தில் அமெரிக்க பையருக்கும் ஜெர்மன் பையருக்கும் உள்நாட்டு பிராண்டுக்கும் டி-ஷர்ட் தைக்கிறார்கள். ஒவ்வொரு பையரும் தனி ஸ்பெக் ஷீட், அதாவது அளவுக் குறிப்பு, அனுப்புகிறார். ஒருவருடைய 'எம்' இன்னொருவருடைய 'எல்' ஆக இருக்கலாம். ஒவ்வொரு பிராண்டும் தனக்குப் பிடித்த ஒரு மாடலின் உடம்புக்கு மாதிரி பீஸ் தைத்து, அதிலிருந்து மேலும் கீழும் மற்ற அளவுகளைக் கணக்கிட்டு கிரேடிங் செய்கிறது. அதற்கு மேல், குறிப்பிட்ட அளவிலிருந்து இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்ற டாலரன்ஸ் உண்டு. பின்னலாடை துவைத்தால் சுருங்கவும் செய்யும். அடுக்கிய துணியை வெட்டும்போது மேலடுக்கும் கீழடுக்கும் இம்மி பிசகுவதும் உண்டு. யாரும் தவறு செய்யாமலேயே ஒரே சீட்டுள்ள இரண்டு பீஸ்கள் வேறுபடுகின்றன.

இந்தியக் கடை அலமாரி இன்னொரு வேடிக்கை. பனியனில் 90 என்றால் மார்பு, சென்டிமீட்டரில். ஃபார்மல் சட்டையில் 40 என்றால் பெரும்பாலும் காலர், அதுவும் சென்டிமீட்டரில். பேன்ட்டில் 34 என்றால் இடுப்பு, அங்குலத்தில். பக்கத்திலேயே எஸ், எம், எல். மேலை நாட்டு அட்டவணைகளைச் சற்று மாற்றி ஒட்டவைத்தே காலம் ஓடியது. இந்திய உடலுக்கெனத் தனி அட்டவணை காண, தேசிய ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனமான நிஃப்ட், 'இந்தியா சைஸ்' என்ற பெயரில் ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயதுவரையான சுமார் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் திட்டத்தை மேற்கொண்டது.

இணைய வணிகம் தபால் வணிகரின் பழைய தலைவலியைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. ஒரே சுடிதாரை இரண்டு மூன்று அளவுகளில் ஆர்டர் செய்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்புவது வாடிக்கையாளரின் புதிய டிரையல் ரூம். அதன் செலவு இம்முறை விற்பவருக்கு. உடனே உடல் அளக்கும் ஆர்வமும் பிறந்துவிட்டது. ஜப்பானின் ஸோஸோ நிறுவனம் வெண்புள்ளிகள் பதித்த கறுப்பு உடையை வீட்டுக்கே அனுப்பியது. அதை அணிந்து செல்பேசிமுன் நின்று சுற்றினால் அளவு பதிவாகும், அதற்கேற்ற ஜீன்ஸ் வரும் என்பது திட்டம். அறிவிப்பு 2017-இல் வந்தது. அளவு எடுத்தவர்கள் ஏராளம், ஆடை வியாபாரம் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை, பெருமுயற்சி சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. பெர்லினைத் தலைமையிடமாகக் கொண்ட ஸலாண்டோ 2020-இல் உடல் அளவு மென்பொருள் செய்யும் ஒரு சுவிஸ் நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது.

ரெடிமேட் ப்ளவுஸ் வியாபாரத்தில் இந்த ரிட்டர்ன் தலைவலிக்கு வேறொரு வழி வெகுநாளாக நடப்பில் இருக்கிறது. உள்ளே இரண்டு மூன்று அங்குலம் துணி மிச்சம் விட்டுத் தைத்து, '36, பிரித்தால் 40 வரை' என்று குறிப்போடு விற்கிறார்கள். பிரித்துத் தைக்கும் கூலியை வாங்கியவரே தெருமுனைத் தையற்காரரிடம் கொடுக்கிறார். விற்றவரின் கணக்கில் அது ரிட்டர்னாக ஏறுவதில்லை.