மாஞ்சோலை: பட்டா இல்லாத ஊர்

சுற்றுலா போய் வந்தவர்கள் மாஞ்சோலையின் குளிரையும் மேகத்தையும் பற்றித்தான் பேசுவார்கள். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்தில் வளர்ந்த நமக்கு அது கொஞ்சம் வேறு. அந்த மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படித்த பையன்கள் நம் வகுப்புகளில் இருந்தார்கள். என்னோடு படித்த ஒருவன் ஊத்து எஸ்டேட்காரன். விலாசம் கேட்டால் எஸ்டேட் பெயர், டிவிஷன், லைன் நம்பர் என்று எழுதுவான். தெருப் பெயர் கிடையாது. அப்போது அது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

அந்த விலாசத்தில்தான் ஊரின் கதையே இருக்கிறது. மலை முழுவதும் சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தம். 1919-இல் சென்னையில் நடந்த டி லா ஹே கொலை வழக்கில் ஜமீன் வாரிசின் பெயர் அடிபட்டது. அந்த வழக்குச் செலவில் பட்ட கடனை அடைக்கத்தான் மலையைக் குத்தகைக்கு விட்டார்கள் என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். எப்படியோ, 1929-இல் சுமார் 8,374 ஏக்கர் காடு பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 வருடக் குத்தகைக்குப் போனது. காட்டை வெட்டித் தேயிலை வைத்தார்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று குடியிருப்புகள் உண்டாயின.

வேலைக்கு வந்தவர்கள் நம் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்தும் கேரளப் பக்கத்திலிருந்தும் வந்த ஏழைகள். பெரும்பாலோர் பட்டியல் சமூகத்தினர். கீழே நிலமும் இல்லை, மரியாதையும் இல்லை. மேலே கூலியாவது கிடைக்கும் என்று ஏறினார்கள். நாலுமுக்கிலும் ஊத்திலும் கொட்டுகிற மழையைப் பற்றி இப்போது தினமும் செய்தியில் சொல்கிறார்கள். அந்த மழையில் அட்டைக்கடியோடு கொழுந்து பறித்துத்தான் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்தது. பள்ளிக்கூடம், தபால் ஆபீஸ், கோயில், சர்ச், எல்லாம் வந்தன. கொடை நடந்தது, கிறிஸ்துமஸ் நடந்தது. ரேஷன் கார்டு இருந்தது, ஓட்டு இருந்தது. பட்டா மட்டும் இல்லை. வீடு கம்பெனியுடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகனோ மகளோ அங்கேயே வேலையில் சேர்ந்தால் குடும்பம் தங்கலாம். பிள்ளை படித்துக் கீழே வேலைக்குப் போவது மற்ற ஊர்களில் சந்தோஷமான விஷயம். அங்கே அது பெற்றோர் வீட்டை இழக்கிற விஷயமாகவும் இருந்தது.

1952-இல் ஜமீன் அரசிடம் போனது. குத்தகை மட்டும் தொடர்ந்தது. 1988-இல் சுற்றியுள்ள காடு களக்காடு முண்டந்துறைப் புலிகள் சரணாலயம் ஆனது. வேட்டை ஒழிந்தது, காடு மிஞ்சியது, அது நல்லதுதான். ஆனால் மனிதர்களின் இருப்பு அன்றிலிருந்து கேள்விக்குறிதான்.

1999 ஜூலை 23-ஐ நம் வயதுக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். கூலி உயர்வு கேட்டுச் சிறை சென்றவர்களை விடுவிக்கச் சொல்லி திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியில் தாமிரபரணிக்குள் இறங்கி ஓடியவர்களில், ஒரு குழந்தை உட்பட 17 பேர் பிணமாகக் கிடைத்தார்கள். இன்றும் அந்தத் தேதியில் ஆற்றங்கரையில் மலர் தூவுகிறார்கள்.

குத்தகை 2028-இல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024 ஜூனில், விருப்ப ஓய்வு என்ற பெயரில் தோட்ட வேலை நிறுத்தப்பட்டது. அந்த ஓய்வில் விருப்பம் எவ்வளவு இருந்தது என்பதைப் படிப்பவர்களே ஊகித்துக்கொள்ளலாம். வழக்குகள் போட்டார்கள். அரசே தோட்டத்தை எடுத்து நடத்தட்டும் என்று கேட்டார்கள். இதற்கிடையில் பல குடும்பங்கள் கீழே இறங்கி வாடகைக்கு வீடு பார்த்தன.

தேயிலையைக் கவாத்து செய்யாமல் விட்டால் அது மரமாக வளர்ந்துவிடும். இடுப்பளவில் நிற்பது பழக்கத்தால்தான். மலையில் அந்தச் செடிகளும், லைன் வீடுகளும், மூன்று தலைமுறையைப் புதைத்த கல்லறைகளும் இருக்கின்றன. கல்லறைகளுக்கும் பட்டா கிடையாது.